ஜம்புலிங்கம் வைத்த கூலர்

அந்தமான் பத்துபஸ்தியில் எங்கள் வீட்டுக்கு எதிரே தகரக் கூரை போட்ட ஷெட் ஒன்றில் லாரி ரிப்பேர் செய்துகொண்டிருந்தவர் ஜம்புலிங்கம். எழுபதுகளின் நடுவில் நான் அங்கே குடிபோனபோது அவருக்கு ஐம்பது வயது இருக்கும். பெரிய வண்டிகளின் கியர் பாக்ஸைப் பிரித்துச் சேர்க்கிற கை போர்ட் பிளேரில் அவருடையதுதான் என்று பேர். அந்தப் பேரைச் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. புதிதாக வருகிற யாராவது, "நீங்கதானே அந்த அமெரிக்க லாரிக்குக் கூலர் வச்ச மிஸ்திரி?" என்று ஆரம்பித்தால், ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுக் கை கழுவப் போய்விடுவார். திரும்பி வர நேரமாகும். தன்னடக்கம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். இரண்டு வருஷம் பழகிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவராகவே சொன்னதைக் கேட்டபோதுதான் விஷயம் வேறு என்று தெரிந்தது.

விருதுநகர் பக்கத்துக்காரர் அவர். மதுரையில் ஒரு பஸ் கம்பெனியில் எட்டு வருஷம் வேலை பார்த்துவிட்டு ஐம்பத்தொன்பதில் அந்தமானுக்குக் கப்பலேறினார். மூன்று வருஷம் இருந்துவிட்டுத் திரும்பிவிடுவதாகத்தான் மனைவி ருக்குவிடம் சொல்லியிருந்தார். ஆனால் அடுத்த வருஷமே ருக்குவும் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டாள். போர்ட் பிளேரை ஒட்டிய கராச்சர்மாவில் உதயசூரியன் என்ற கான்ட்ராக்டரிடம் வேலை. உதயசூரியனுக்குச் சொந்த ஊர் வட ஆற்காடு. ரோடு போடுவார், காட்டில் வெட்டின மரத்தைச் சாத்தாம் மரமறுக்கும் மில்லுக்கு இழுத்து வருவார். எட்டு லாரிகள் வைத்திருந்தார். எட்டையும் ஓடவைப்பது ஜம்புலிங்கத்தின் பாடு.

தீவில் வருஷத்துக்கு ஏழெட்டு மாசம் மழை. பெரார்கஞ்ச் பக்கம் அப்போது இருந்ததெல்லாம் செம்மண் ரோடு. மழை பிடித்துவிட்டால் தினமும் ஏதாவது ஒரு லாரி அச்சுவரை புதைந்து நிற்கும். யானையைக் கொண்டுவந்து இழுக்கவேண்டும். இல்லாவிட்டால் வெயிலுக்குக் காத்திருக்கவேண்டும். இதற்காகவே அறுபத்தாறில் உதயசூரியன் கல்கத்தாவுக்குப் போய், ராணுவம் கழித்துப் போட்ட சாமான்களை ஏலம் விடுகிற இடத்திலிருந்து ஒரு அமெரிக்க லாரியை எடுத்துக் கப்பலில் ஏற்றி வந்தார். எல்லாச் சக்கரமும் இழுக்கும் வண்டி. பின்னால் தடித்த கொக்கி. விசேஷம் என்னவென்றால் அதற்குக் கிளச் கிடையாது. கியர் தானாகவே மாறிக்கொள்ளும். கியர் பெட்டிக்குள் ஓடுகிற ஆயிலின் அழுத்தத்தில்தான் எல்லாம் நடக்கிறது.

இடது காலுக்கு வேலையில்லாத வண்டியை ஓட்ட மற்ற டிரைவர்கள் தயங்கினார்கள். ஏறி உட்கார்ந்தவன் நூருல்லா. கீழக்கரைக்காரன், முப்பது வயது, அதிகம் பேசாதவன். ஒரே வாரத்தில் வண்டி அவனுக்குப் பழகிவிட்டது. எங்கே மிதிக்கவேண்டும், எங்கே காலை எடுத்தால் அது கியர் மாற்றும் என்று காதாலேயே கண்டுபிடித்தான். அந்த வருஷ மழையில் புதைந்த லாரிகளையெல்லாம் அவன்தான் கட்டி இழுத்தான். ஜம்புலிங்கத்தை அண்ணே என்பான். பெருநாளைக்கு அவன் மனைவி லத்தீபா செய்த வட்டிலப்பம் என்கிற இனிப்பு ஜம்புலிங்கத்தின் வீட்டுக்கு வரும்.

அடுத்த வருஷம் பிப்ரவரியில் அந்த லாரியின் ரேடியேட்டர் போயிற்று. உப்புக்காற்று அரித்து, பற்ற வைத்த இடமெல்லாம் மறுபடி மறுபடி விட்டுக்கொண்டது. அதே மாதிரி ரேடியேட்டர் கல்கத்தாவில் தேடினாலும் கிடைக்க மாசக்கணக்கில் ஆகும். ஷெட்டில் ஓரமாகக் கிடந்த ஒரு பழைய லாரியின் ரேடியேட்டரை எடுத்துக் கால் வெட்டி, பட்டை வைத்து, ஜம்புலிங்கம் அதைப் பொருத்தினார். நன்றாகப் பொருந்தியது. ஒரே ஒரு சங்கடம். கியர் பாக்ஸிலிருந்து இரண்டு மெல்லிய இரும்புக் குழாய்கள் வந்து பழைய ரேடியேட்டரின் அடித்தொட்டியில் நுழைந்திருந்தன. புதிதாக வைத்ததில் அவற்றுக்கு இடமே இல்லை.

அவர் யோசித்தார். குளிர் தேசத்து வண்டி. பனிக்காலத்தில் ஆயில் உறைந்துவிடாமல் இருக்க வெந்நீரில் காட்டிச் சூடு பண்ணுகிற ஏற்பாடாக இருக்கும், அந்தமானில் அதற்கு என்ன தேவை என்று தோன்றியது. ஒரு அடி நீள ரப்பர் குழாயை எடுத்து இரண்டு முனைகளையும் சேர்த்து, கிளிப் போட்டு முறுக்கிவிட்டார். ஒரு குழாயில் வருகிற ஆயில் மற்றதில் திரும்பிப் போகும், சிந்தாது. வேலை முடிந்தது.

"அந்தக் குழாய் எதுக்குன்னு எனக்குத் தெரியல. தெரியலன்னு யார்கிட்டயாவது சொல்லியிருக்கலாம். கப்பல் என்ஜின் பாக்கிற மெரைன் ஆளுங்க இருந்தாங்க, கேட்டிருக்கலாம். எனக்குத் தெரியாத வண்டி ஒண்ணு இருக்குன்னு காட்டிக்க மனசு வரல" என்றார் என்னிடம்.

வெயில் காலத்தில் ஒன்றும் ஆகவில்லை. வண்டி ஜல்லியும் சிமெண்டும் ஏற்றிக்கொண்டு சமதளத்தில் ஓடியது. மே மாசம் மழை இறங்கியதும் மறுபடி இழுவை வேலை ஆரம்பித்தது. நூருல்லா ஷெட்டுக்கு வந்து, மேட்டில் இழுக்கும்போது தீய்ந்த வாடை வருகிறது என்றான். ஜம்புலிங்கம் பிரேக்கைப் பார்த்தார், சரியாக இருந்தது, போகச் சொன்னார். பத்து நாள் கழித்து மறுபடி வந்தான். வண்டியில் மேடு ஏறும்போது என்ஜின் கத்துகிறது, சக்கரம் அதற்குத் தக்கபடி சுற்றவில்லை என்றான்.

"பாக்ஸ் கொதிக்குதுண்ணே. கீழ கை வைக்க முடியல."

ஜம்புலிங்கம் அப்போது வேறொரு வண்டிக்கு அடியில் படுத்திருந்தார். வெளியே கூட வரவில்லை. வண்டியைக் காதலிக்காதே, காலை அளவாக வை என்று படுத்தபடியே சொல்லி அனுப்பிவிட்டார். பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். நூருல்லா வண்டியை எடுத்துக்கொண்டு போனான்.

ஜூன் மாசம் மூன்றாம் வாரம் ஒரு காலையில், பெரார்கஞ்சுக்கு முன்னால் இருக்கிற ஏற்றத்தில், டிரெய்லரில் கர்ஜன் என்கிற கனத்த காட்டு மரம் இரண்டோடு அவன் ஏறிக்கொண்டிருந்தான். மரத்தின் மேல் ராஞ்சியிலிருந்து வந்த கூலிகள் நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். பாதி மேட்டில் கியர் அப்படியே விட்டுவிட்டது. என்ஜின் ஓடுகிறது, வண்டி பின்னால் நழுவுகிறது. அத்தனை பாரத்துக்கும் ஈர மண்ணுக்கும் பிரேக் நிற்கவில்லை. வலது பக்கம் பள்ளம், கீழே நெல்வயல். நூருல்லா கத்திக் கூலிகளைக் குதிக்கச் சொல்லிவிட்டு, ஸ்டீயரிங்கை ஒடித்து, டிரெய்லரை இடது பக்கத்து மண்சுவரில் கொண்டுபோய் முட்டினான். மரங்கள் உருண்டன. குதித்தவர்களுக்குச் சிராய்ப்பு மட்டும்தான். திரும்பி அடித்த ஸ்டீயரிங் வளையத்தில் மாட்டி நூருல்லாவின் இடது மணிக்கட்டு முறிந்தது.

வண்டியை வேறு இரண்டு லாரிகள் கட்டி இழுத்து ஷெட்டுக்குக் கொண்டுவந்தன. இரண்டு நாள் கழித்து ஜம்புலிங்கம் கியர் பாக்ஸை இறக்கினார். உதயசூரியன் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். டிரைவர்கள் சுற்றி நின்றார்கள். நூருல்லாவும் கையைத் துணியில் தொங்கவிட்டுக்கொண்டு வந்திருந்தான். ஆயிலை வடித்தபோது சுண்டக் காய்ச்சின கஷாயம் மாதிரி கறுப்பாக வந்தது, நாற்றம் தாங்கவில்லை. உள்ளே தட்டுகள் கருகியிருந்தன.

ஆயில் வெந்துவிட்டது என்று ஜம்புலிங்கத்துக்கு ஒரே பார்வையில் தெரிந்தது. ஏன் வெந்தது என்பது அடுத்த நிமிஷம் தெரிந்தது. சட்டத்தை ஒட்டி அவர் மாட்டிய அந்த ஒரு அடி ரப்பர் குழாய், காய்ந்த கொட்டாங்கச்சி மாதிரி இறுகி, மேலெல்லாம் கீறல் விட்டிருந்தது. அந்த இரண்டு குழாய்களும் ஆயிலைச் சூடாக்க வைத்தவை அல்ல, ஆற வைக்க வைத்தவை. பாரம் இழுக்க இழுக்கப் பெட்டிக்குள் ஏறுகிற சூட்டை ரேடியேட்டரில் கொண்டுபோய் இறக்கிவிட்டு வரத்தான் அந்தப் பாதை. அதை அவர் அடைத்துவிட்டார். வண்டி நான்கு மாசம் தன் சூட்டிலேயே வெந்திருக்கிறது.

உதயசூரியன் எழுந்து வந்து குனிந்து பார்த்தார்.

"க்யா ஹுவா மிஸ்திரி, என்ன ஆச்சு? யார் தப்பு இது?"

ஜம்புலிங்கத்தின் கை அப்போது அந்த ரப்பர் குழாயின் மேல் இருந்தது. கையை எடுக்கவில்லை.

"ஓட்டத் தெரியாம மிதிச்சா எந்தப் பாக்ஸும் தாங்காதுங்க" என்றார்.

டிரைவர்கள் நூருல்லாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன், தான் இரண்டு தடவை வந்து சொன்னதாகச் சொன்னான். அதைச் சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. உதயசூரியன் ஜம்புலிங்கத்தைப் பார்த்து, "சொன்னானா?" என்று கேட்டார்.

"எனக்கு ஞாபகம் இல்லீங்க."

முதலில் சொன்னதாவது பயத்தில் வாயில் வந்தது, இரண்டாவது யோசித்துச் சொன்னது என்று ஜம்புலிங்கம் இதை என்னிடம் பிரித்துச் சொன்னார். நூருல்லா அவரைப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் பரவாயில்லை. தனக்கே சந்தேகம் வந்தவன் மாதிரி பார்த்தானாம்.

அன்றைக்கே அவனை நிறுத்திவிட்டார்கள். போர்ட் பிளேர் சின்ன ஊர். லாரி வைத்திருந்தவர்களெல்லாம் ஒருவரை ஒருவர் தெரிந்தவர்கள். வண்டியை எரித்தவன் என்ற பேச்சு ஒரு வாரத்தில் எல்லாருடைய காதுக்கும் போய்விட்டது. மணிக்கட்டுக் கட்டைப் பிரித்தபோது எலும்பு சற்றுக் கோணலாகவே கூடியிருந்தது. எந்த முதலாளியும் அவனுக்கு வண்டி தரவில்லை. ஆகஸ்டில் அவன் கல் உடைக்கிற குவாரிக்குப் போய்விட்டான் என்று ஜம்புலிங்கம் கேள்விப்பட்டார்.

அந்த ரப்பர் குழாயை அன்று சாயங்காலமே துணியில் சுற்றி எடுத்துப் போய், ஜங்லிகாட் ஓடையில் எறிந்திருந்தார்.

கல்கத்தாவிலிருந்து அதே ஜாதி வண்டி ஒன்றின் பழைய பாக்ஸை உதயசூரியன் வரவழைத்தார். அதை ஏற்றுவதற்கு முன்னால் ஆயிலுக்குத் தனியாக ஒரு கூலர் வைத்தாகவேண்டும் என்பது ஜம்புலிங்கத்துக்குத் தெரியும். பழைய வழி போய்விட்டது. புது ரேடியேட்டரில் இடமில்லை. யார் எப்படி மிதித்தாலும் தாங்குகிற மாதிரி ஒன்று வைக்கிறேன் என்று உதயசூரியனிடம் சொல்லிவிட்டுத் தேட ஆரம்பித்தார். வண்டி ரேடியேட்டர் எதுவும் ஆயிலின் அழுத்தத்தைத் தாங்காது என்று இப்போது கணக்குப் பார்த்து வைத்திருந்தார். கடைசியில் ஒரு ஐஸ் ஃபாக்டரியின் பின்புறம், கழித்துப் போட்ட மெஷினில், மடித்து மடித்துப் போன செம்புக் குழாய்ச் சுருள் ஒன்று கிடைத்தது. குழாயைச் சுற்றிலும் காகிதம் போல் மெல்லிய தகடுகள், காற்றுப் புகுந்து போவதற்காக. அதை அளவுக்கு வெட்டி, முனைகளைப் பித்தளை போட்டுப் பற்றவைத்து, ரேடியேட்டருக்கு முன்னால் ஆங்கிள் இரும்பில் நிறுத்தினார். முதல் தடவை ஓட்டியபோது குலுக்கலில் ஒரு மூட்டு விட்டுவிட்டது. அடியில் ரப்பர் கட்டை கொடுத்து, குழாயை ஒரு வளைவு வளைத்து நெளிவு விட்டு, மறுபடி பற்றவைத்தார். சேறு அடைக்காமல் இருக்க முன்னால் கம்பிவலை கட்டினார்.

அவர் வாழ்க்கையில் அவ்வளவு கவனமாக எந்த வேலையும் செய்ததில்லை. செய்யச் செய்ய, இதை முதலிலேயே செய்திருக்க முடியும் என்பதுதான் ஒவ்வொரு மூட்டிலும் அவருக்குத் தெரிந்தது.

செப்டம்பரில் அதே ஏற்றத்தில் சோதனை. வண்டியை ஓட்டியவர் பழனிசாமி, உதயசூரியனின் பழைய டிரைவர். டிரெய்லரில் இரண்டு மரம் போதாதென்று பின்னால் ஒரு லாரியையும் கட்டினார்கள். மேட்டின் உச்சியில் நிறுத்தச் சொல்லி, ஜம்புலிங்கம் அடியில் புகுந்து பெட்டியில் உள்ளங்கையை வைத்தார். சூடுதான். ஆனாலும் பத்து எண்ணுகிறவரை கையை எடுக்கவேண்டியிருக்கவில்லை. பழனிசாமி கீழே குனிந்து என்ன என்று கேட்டார். ஜம்புலிங்கம் வெளியே வந்து, வண்டியை எடுக்கச் சொல்லிக் கையைக் காட்டினார்.

அந்த வருஷ ஆயுத பூஜைக்கு உதயசூரியன் ஷெட்டில் பந்தல் போட்டார். ஊரிலிருந்த மற்ற கான்ட்ராக்டர்களையும் கூப்பிட்டிருந்தார். அமெரிக்க லாரிக்குச் சந்தனம் பூசி, வாழை கட்டி, முன்னால் இருந்த கூலருக்குத் தனியாக ஒரு மாலை. பூஜை முடிந்ததும் ஜம்புலிங்கத்தை முன்னால் நிறுத்திச் சால்வை போர்த்தினார். மெயின்லேண்டில்கூட இப்படி ஒரு வேலை கிடையாது, அமெரிக்காக்காரன் செய்யாததை என் மிஸ்திரி செய்தான் என்றார். கை தட்டினார்கள். 'ஜம்பு கூலர்' என்ற பேர் அன்றைக்கு வந்ததுதான். ருக்கு பெண்கள் பக்கத்தில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கூட்டத்தில் தெரிந்த முகமெல்லாம் சிரித்துக்கொண்டிருக்க, இந்தச் சால்வையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டால் எப்படி இருக்கும் என்று ஜம்புலிங்கம் நினைத்தாராம்.

இவ்வளவு நடந்த பிறகும் அவர் வாயைத் திறக்கவில்லை. நாள் போகப் போக எளிதாகிவிடும் என்று இருந்தார்.

அடுத்த ஜனவரியில் ஒரு காலை, லத்தீபா அவர் வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு தூக்குச்சட்டி. ருக்கு உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தாள். வட்டிலப்பம் கொண்டுவந்திருந்தாள், குவாரிக் கூலியில் முட்டையும் தேங்காயும் வாங்கிச் செய்தது. ஜம்புலிங்கம் வேலைக்குப் புறப்பட்டுச் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டு நின்றார். அவள் எழுந்து நின்று, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு பேசினாள்.

"அண்ணே, அவுக தப்பு செஞ்சது உண்மைதான். நாங்க இல்லேங்கல. அவுகளே சொல்றாக, நாந்தான் கூட மிதிச்சுட்டேன் போலன்னு. இப்ப வண்டியில ஏறவே பயப்படுறாக. நீங்க ஒரு வார்த்தை யாரிட்டயாவது சொல்லி, சின்ன வண்டியா இருந்தாலும் வாங்கிக் குடுங்க. நீங்க சொன்னா கேப்பாக."

ஜம்புலிங்கம் பார்க்கிறேன் என்றார். அவள் போகும்போது ருக்குவிடம், அண்ணன் ரொம்பப் பெரிய மனசுக்காரர், வண்டியை எரித்ததற்கு வேறு யாராக இருந்தாலும் போலீசுக்குப் போயிருப்பார்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இத்தனை மாசமாக நூருல்லா தன்னைச் சபித்துக்கொண்டிருப்பான் என்றுதான் ஜம்புலிங்கம் நினைத்திருந்தார். அந்தச் சாபத்துக்குக் கீழே இருந்துவிடலாம் என்று ஒருவிதமாகத் தன்னைப் பழக்கிக்கொண்டும் இருந்தார். அவன் இவர் சொன்ன பொய்யை நம்பிவிட்டான். மிஸ்திரி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று, தன் காலையும் தன் காதையும் விட்டுவிட்டு, இவர் வாயை நம்பிவிட்டான். போட்ட பொத்தான்களை மறுபடி கழற்றினார். அன்று வேலைக்குப் போகவில்லை.

தூக்குச்சட்டியைத் திறக்க வந்த ருக்குவை வேண்டாம் என்றார். அவள் ஏன் என்று கேட்டாள். அவர் சொன்னார். ரேடியேட்டர் மாற்றியதிலிருந்து ஓடையில் எறிந்ததுவரை ஒன்று விடாமல் சொன்னார். முடிந்ததும் ருக்கு சட்டியை எடுத்து அலமாரியில் வைத்தாள்.

"எங்கிட்டச் சொல்லி என்ன ஆகப்போகுது. நானா நூருல்லா கையில இருந்து வண்டியப் பிடுங்குனேன்?" என்றாள்.

அன்று மத்தியானமே குவாரிக்கு நடந்தார். நூருல்லா ஜல்லிக் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கோணல் கையால் கல்லைப் பிடித்து வலது கையால் உடைத்துக்கொண்டிருந்தான். இவரைக் கண்டதும் எழுந்து, உட்கார ஒரு கல்லைத் துடைத்துவிட்டான். லத்தீபா வந்ததற்காக வெட்கப்பட்டுக்கொண்டு, அவளை நான் அனுப்பவில்லை அண்ணே என்றான்.

ஜம்புலிங்கம் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார். அந்த இரண்டு குழாய், அவற்றை அடைத்தது, அதனால் ஆயில் வெந்தது, தெரிந்த பிறகும் மறைத்தது. நூருல்லா சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான்.

"அப்ப என் கால் மேல தப்பு இல்லியா?"

இல்லை என்றார் ஜம்புலிங்கம்.

"மேட்டுல அது விட்டப்ப, நான் ஏதோ பண்ணிட்டேன்னுதான்... இல்லியா?"

இல்லை என்று மறுபடி சொன்னார். நீ ஓட்டியதால்தான் அந்த நாலு பேர் பிழைத்தார்கள் என்றும் சொன்னார். நூருல்லா ஜல்லிக் குவியல் பக்கம் திரும்பிக்கொண்டான். அடிப்பான் என்று இவர் எதிர்பார்த்தார். அடித்தால் நல்லது என்றும் இருந்தது.

"எல்லாரும் இருக்கும்போது சொன்னீங்க. எல்லாரும் இருக்கும்போது சொல்லுங்க" என்றான் கடைசியில். குரல் உயரவில்லை. பிறகு உட்கார்ந்து சுத்தியலை எடுத்துக்கொண்டான்.

சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார். வந்தவர் மூன்று வாரம் சொல்லவில்லை. ஒருநாள் உதயசூரியன் கோபமாக இருந்தார், ஒருநாள் எல்லாரும் சேரவில்லை, ஒருநாள் வெளியூரிலிருந்து ஆள் வந்திருந்தது. காரணத்துக்குப் பஞ்சமே இல்லை. குவாரியில் சொன்னதைவிட அந்த மூன்று வாரத்தைச் சொல்லத்தான் அவர் என்னிடம் அதிகம் சிரமப்பட்டார். ருக்கு அவரிடம் கேட்கவே இல்லை. சோறு போடுவாள், எதிரே உட்காரமாட்டாள்.

பிப்ரவரி நடுவில், கூலரைப் பார்ப்பதற்காகக் காட்டு வேலை எடுத்திருந்த வேறு இரண்டு கான்ட்ராக்டர்கள் ஷெட்டுக்கு வந்தார்கள். தங்கள் வண்டிகளுக்கும் அப்படி ஒன்று செய்ய முடியுமா என்று தெரிந்துகொள்ள வந்தவர்கள். டிரைவர்கள் எல்லாரும் அன்றைக்கு இருந்தார்கள். உதயசூரியன் பெருமையாக, மிஸ்திரியே விளக்கிச் சொல்லட்டும் என்று ஜம்புலிங்கத்தைக் கூப்பிட்டார். அவர் லாரியின் முன்னால் போய் நின்று, கம்பிவலையைக் கழற்றி, எந்தக் குழாயில் ஆயில் வருகிறது, எதில் திரும்பிப் போகிறது என்று காட்டிக்கொண்டே வந்தார். வந்த இடத்தில் நிறுத்தினார்.

"இது நான் கண்டுபிடிச்சது இல்ல. வண்டியிலயே இருந்துச்சு. நான்தான் தெரியாம அடைச்சேன். பாக்ஸ் எரிஞ்சது என்னால. நூருல்லா ரெண்டு தடவ வந்து சொன்னான், எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அன்னைக்கு ஞாபகம் இல்லன்னு சொன்னது பொய்."

பழனிசாமி முதலில் தலையைக் குனிந்துகொண்டார். வந்திருந்தவர்கள் உதயசூரியனின் முகத்தைப் பார்த்தார்கள். உதயசூரியன் ஜம்புலிங்கத்தைக் கொட்டகைக்குப் பின்னால் அழைத்துப் போய்க் கேட்ட கேள்வி, "இத இப்ப, இவங்க முன்னால எதுக்குய்யா சொன்ன?" என்பதுதான். தனியாக வந்து சொல்லியிருந்தால் தானே வேறு விதமாக முடித்திருப்பேன் என்றார். ஜம்புலிங்கம் தன்னை நிறுத்திவிடச் சொன்னார். உதயசூரியன் நிறுத்தவில்லை. அந்த வண்டியைப் பிரித்துச் சேர்க்க வேறு ஆள் இல்லை.

நிறுத்தியிருந்தால் கொஞ்சம் மூச்சு விட்டிருப்பேன் என்றார் ஜம்புலிங்கம். அதற்குப் பிறகு இரண்டு வருஷம் அங்கேயே வேலை பார்த்தார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அவர் வேலை முடித்துக் கொடுத்த வண்டியை டிரைவர்கள் அவர் கண்ணெதிரே ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டுத்தான் எடுத்தார்கள். முன்பு அப்படிப் பார்த்ததில்லை. அவர்களைக் குறை சொல்ல அவருக்கு வாய் இல்லை. எழுபதில் கணக்கை முடித்துக்கொண்டு வந்து பத்துபஸ்தியில் சொந்தமாக ஷெட் போட்டார்.

உதயசூரியன் நூருல்லாவுக்கு ஆள் அனுப்பி லாரியை மறுபடி எடுத்துக்கொள்ளச் சொன்னார். அவன் வரவில்லை. கோணல் கையோடு அந்த ஸ்டீயரிங்கைப் பிடிக்க முடியாது என்று சொல்லி அனுப்பினான். அபர்தீன் பஜாரில் மளிகைக்கடை வைத்திருந்த சிராஜ், விஷயத்தைக் கேள்விப்பட்டு, தன் கடை வேனை ஓட்டக் கூப்பிட்டுக்கொண்டார். சின்ன வண்டிதான். கப்பல்துறையிலிருந்து கடைக்கும், கடையிலிருந்து கராச்சர்மா வரைக்கும் ஓடும். லத்தீபா அதற்குப் பிறகு ஜம்புலிங்கத்தின் வீட்டுக்கு வரவில்லை. பஜாரில் ருக்குவைப் பார்த்தால் நின்று பேசுவாள், பிள்ளைகளை விசாரிப்பாள். இவரைக் கண்டால் கடைக்குள் போய்விடுவாள்.

பத்துபஸ்தியில் ஷெட் போட்ட மூன்றாம் மாசம், நூருல்லா அந்த வேனைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினான். பிரேக் ஒரு பக்கம் இழுக்கிறது என்றான். வேறு இடத்தில் காட்டியிருக்கலாம், ஊரில் நாலைந்து ஷெட் வந்துவிட்டது. ஜம்புலிங்கம் ஒன்றும் கேட்காமல் சக்கரத்தைக் கழற்றினார். அவன் பக்கத்திலேயே குந்தி உட்கார்ந்து, அவர் கை போகிற இடமெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தான். வேலை முடிந்து, சக்கரத்தை மாட்டி, கையைத் துடைத்துக்கொண்டே அவர் கேட்டுவிட்டார். கேட்கக்கூடாது என்று நினைத்திருந்தும் கேட்டுவிட்டார்.

"என்ன மன்னிச்சிட்டியா நூரு?"

நூருல்லா வண்டியில் ஏறி, கதவைச் சாத்தி, ஸ்டீயரிங்கில் கையை வைத்துக்கொண்டு யோசித்தான்.

"அது எனக்குத் தெரியலண்ணே. வண்டிய உங்ககிட்டக் கொண்டுவரணும்னு தோணுச்சு, வந்தேன். இப்பத்திக்கு அவ்வளவுதான்."

அவன் அப்புறமும் வந்தான். நான் குடியிருந்த காலத்தில் மாசத்துக்கு ஒருமுறையாவது அந்த வேன் எதிர் ஷெட்டில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். இருவரும் வேலையைப் பற்றி மட்டும் பேசுவார்கள். அவன் புறப்பட்டுப் போன பிறகு ஜம்புலிங்கம் சற்று நேரம் அந்த இடத்திலேயே நின்றுகொண்டிருப்பார், ரோட்டைப் பார்த்தபடி.